ஆல்பம் கடையின் எஸ்எம்பிஎஸ்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

டெல்டா மாவட்டத்துச் சிறு நகரம் ஒன்றில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே முதல் மாடியில் ஒரு போட்டோ ஸ்டூடியோ. கல்யாணப் படம், வீடியோ, கரிஷ்மா ஆல்பம் எல்லாம் அங்கேயே. உரிமையாளர் ஐம்பதைத் தொட்டவர். வடிவமைப்புக்கும் வீடியோ தொகுப்புக்கும் ஓர் இளைஞர் இருக்கிறார். இரண்டு வேலைக்கும் ஒரே டெஸ்க்டாப். அதே ஊரில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன் நான்.

2023 ஜூலையில், ஆடி பிறந்து முகூர்த்தம் இல்லாத நேரம் பார்த்து, அந்தக் கம்ப்யூட்டரைப் புதுப்பித்தார்கள். 4கே வீடியோ பழைய ஐ3-இல் நகரவே இல்லை என்பது காரணம். ஐ5-12400எஃப் ப்ராசசர், அதற்கான மதர்போர்டு, 16 ஜிபி ராம், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு என்று சுமார் 60,000 ரூபாய் ஆனது. 2018-இல் வாங்கிய கேபினட்டும் அதோடு வந்த எஸ்எம்பிஎஸ்ஸும் (சுவர் மின்சாரத்தைக் கம்ப்யூட்டருக்கு வேண்டிய 12, 5, 3.3 வோல்ட் டிசியாக மாற்றித் தரும் பெட்டி) அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். வேலையைச் செய்தது வேறு கடை. ஆனாலும் அந்த முடிவில் எனக்குப் பங்குண்டு. "தம்பி, பழைய எஸ்எம்பிஎஸ்ல 450 வாட்டுன்னு போட்டிருக்கு, ஓடுமா?" என்று உரிமையாளர் போனில் கேட்டார். கம்ப்யூட்டரைப் பார்க்காமலே "ஓடும்ணே" என்றேன்.

முதலில் தெரிந்தவை

ஆடி முழுக்க ஒரு குறையும் இல்லை. ஆவணி பிறந்து ஆல்பங்கள் குவியத் தொடங்கியதும் வீடியோ எக்ஸ்போர்ட் (தொகுத்ததை முழு வீடியோ ஃபைலாக எழுதும் வேலை) ஓடும்போது கம்ப்யூட்டர் திடீரென்று அணைந்து தானே மறுபடி ஆன் ஆனது. வாரத்துக்கு ஒருமுறை என்று ஆரம்பித்தது, செப்டம்பர் முதல் வாரத்தில் நாளுக்கு மூன்று முறை ஆனது. விண்டோஸ் பிழை காட்டும் நீலத்திரை வரவில்லை. போட்டோஷாப்பில் ஆல்பப் பக்கம் வடிவமைக்கும்போது ஒருமுறைகூட அணையவில்லை.

இந்த வேறுபாட்டிலேயே விடை இருந்தது. போட்டோஷாப் வேலையில் கிராபிக்ஸ் கார்டு பெரும்பாலும் சும்மா இருக்கும். எக்ஸ்போர்ட்டின்போது ப்ராசசரும் கார்டும் சேர்ந்து இழுக்கும். அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

தவறான திசையில் இரண்டு வாரம்

செய்ததையெல்லாம் மறைக்காமல் எழுதுகிறேன். முதலில் ராமைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டினேன். நம் தொழிலில் இது விபூதி பூசுவது மாதிரி. எதற்கென்று தெரியாவிட்டாலும் செய்துவிடுவோம். பிறகு ப்ராசசருக்குப் புது தெர்மல் பேஸ்ட். பிறகு விண்டோஸ் மறு நிறுவல். அதில் ஒரு நாள் போனது. பிறகு 2,400 ரூபாய்க்குப் புதிய ராம். எதிலும் பலன் இல்லை.

எஸ்எம்பிஎஸ் மீது சந்தேகம் வராமல் இல்லை. கழற்றி, 24 பின் கனெக்டரில் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு கம்பியால் சேர்த்தேன். ஃபேன் சுற்றியது. மீட்டரில் 12 வோல்ட் வந்தது. "எஸ்எம்பிஎஸ் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டேன். சுமையே இல்லாமல் செய்யும் இந்தச் சோதனை, எஸ்எம்பிஎஸ் முழுதாகச் செத்துவிட்டதா இல்லையா என்பதை மட்டுமே சொல்லும். சுமை ஏறும்போது அது தாங்குமா என்பதைப் பற்றி எதுவும் சொல்லாது. பத்து வருஷமாக இதை நம்பித்தான் தொழில் செய்திருக்கிறேன்.

இதற்கிடையில் ஒரு கல்யாண வீடியோ சொன்ன தேதிக்குப் போகவில்லை. பெண் வீட்டார் கடைக்கே வந்து சத்தம் போட்டார்கள்.

அளந்து பார்த்தது

செப்டம்பர் மூன்றாவது வாரம் விண்டோஸின் நிகழ்வுப் பதிவைத் திறந்தேன். ஒவ்வொரு அணைவுக்கும் 'கெர்னல்-பவர் 41' என்ற பதிவு இருந்தது. கம்ப்யூட்டர் ஒழுங்காக மூடப்படாமல் மறுபடி தொடங்கியது என்பதற்கு மேல் அந்தப் பதிவு எதுவும் சொல்லாது. ஆனால் அதற்குள் இருந்த பிழைக் குறியீடு எல்லாவற்றிலும் 0. விண்டோஸ் ஒரு பிழையைக் கண்டு நின்றிருந்தால் அங்கே வேறு எண் இருக்கும். 0 என்றால், அதற்குப் பிழையைக் குறித்துக்கொள்ள அவகாசமே கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

பிறகுதான் எஸ்எம்பிஎஸ்ஸின் லேபிளை முதல்முறையாக முழுசாகப் படித்தேன். 5 வோல்ட்டில் 30 ஆம்பியர், அதாவது 150 வாட். 3.3 வோல்ட்டில் 28 ஆம்பியர், ஏறத்தாழ 92 வாட். 12 வோல்ட்டில் 16 ஆம்பியர், 192 வாட். ஸ்டாண்ட்பை, மைனஸ் 12 எல்லாம் சேர்த்தால் 450 வருகிறது. கூட்டல் சரிதான். ஆனால் இன்றைய கம்ப்யூட்டருக்கு வேண்டிய மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் 12 வோல்ட்டில்தான் வேண்டும். ப்ராசசர் 5 வோல்ட்டிலிருந்து இழுத்த காலம் பென்டியம் 4 வந்ததோடு முடிந்தது. இந்த லேபிள் அந்தக் காலத்துக் கணக்கில் எழுதப்பட்டது.

இந்தக் கம்ப்யூட்டருக்கு வேண்டியது எவ்வளவு? ஆர்டிஎக்ஸ் 3060-க்கு 170 வாட். ஐ5-12400எஃப் முழு வேகத்தில் 117 வாட். ஃபேன், ஹார்டு டிஸ்க் மோட்டார் சேர்த்தால் 12 வோல்ட்டில் மட்டும் 300 வாட், அதாவது 25 ஆம்பியர். லேபிள்படியே இருப்பது 16. அந்த 16-ஆவது உண்மையா என்பது தனிக் கேள்வி.

மீட்டரை ஒரு மோலெக்ஸ் கனெக்டரில் (டிஸ்க்குகளுக்கான பழைய நாலு பின் கனெக்டர்) வைத்துக்கொண்டு எக்ஸ்போர்ட்டை ஓடவிட்டேன். சும்மா இருக்கும்போது 12 வோல்ட் ஒயரில் 11.86. எக்ஸ்போர்ட்டில் 11.31. ப்ராசசரையும் கார்டையும் சோதனை மென்பொருளால் ஒருசேர முடுக்கியபோது 11.05 வரை இறங்கி, நாற்பது விநாடிக்குள் கம்ப்யூட்டர் அணைந்தது. எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் விதிப்படி 12 வோல்ட் 5 சதவீதம்தான் ஏறலாம், இறங்கலாம், 11.40-க்குக் கீழே போகக்கூடாது.

அதைவிடக் கவலை தந்தது 5 வோல்ட் ஒயர். 12 இறங்க இறங்க அது 5.19-இலிருந்து 5.31-க்கு ஏறியது. அங்கே உச்ச வரம்பு 5.25. மலிவான எஸ்எம்பிஎஸ்களில் 12-ஐயும் 5-ஐயும் ஒரே சுற்று சேர்த்துக் கட்டுப்படுத்தும். ஒன்றில் சுமை ஏறி அது தாழ்ந்தால், அதைத் தூக்கும் முயற்சியில் மற்றது தேவைக்கு மேல் எழும். ஏற்றக் கட்டையின் ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை எழுவது போலத்தான். அந்த 5 வோல்ட்டில்தான் ஸ்டூடியோவின் மொத்தக் கல்யாணங்களும் இருந்த ஹார்டு டிஸ்க்கின் சர்க்யூட் போர்டு ஓடிக்கொண்டிருந்தது. அந்த டிஸ்க்கில் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள், அதாவது கெட்டதால் டிஸ்க் ஒதுக்கிவைத்த இடங்கள், 24 இருந்தன. அந்தப் பழியை எஸ்எம்பிஎஸ் மேல் போட என்னிடம் சான்று இல்லை. டிஸ்க்குக்கும் ஐந்து வயது ஆகியிருந்தது.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின் கனெக்டரே கிடையாது. இரண்டு மோலெக்ஸை ஒன்றாக்கும் மாற்றுக் கேபிள் போட்டிருந்தார்கள். அந்த இரண்டு மோலெக்ஸும் ஒரே ஒயரில் கோத்தவை. கார்டு அந்த வழியாக இழுத்தது கிட்டத்தட்ட பத்து ஆம்பியர். மஞ்சள் ஒயர் நுழையும் இடத்தில் வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தது. அதைக் காட்டியதும் உரிமையாளர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அடுத்த அறையில் ஃபோம் ஷீட்டும் பிரிண்ட் பேப்பரும் கூரை வரை அடுக்கியிருந்தன.

அன்றே கம்ப்யூட்டரில் எக்ஸ்போர்ட்டை நிறுத்தச் சொன்னேன். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி என் கடையில் வைத்து எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்கு நகல் எடுத்தேன்.

பெட்டிக்குள்

பழைய எஸ்எம்பிஎஸ்ஸை இரண்டு நாள் ப்ளக்கில் சேர்க்காமல் வைத்திருந்து, பெரிய மின்தேக்கிகளில் மின்சாரம் மிச்சமில்லை என்று மீட்டரால் பார்த்த பிறகே கை வைத்தேன். ஓடும்போது அவற்றில் 325 வோல்ட் டிசி வரை நிற்கும். பழக்கமில்லாதவர்கள் இதைத் திறக்கவே வேண்டாம்.

எடை 700 கிராமுக்கும் குறைவு. மின்சாரம் நுழையும் இடத்தில் மின் இரைச்சலை வடிகட்டும் சுருளுக்கான இடம் போர்டில் அச்சிடப்பட்டிருக்கிறது. சுருள் இல்லை, இரண்டு கம்பித் துண்டால் இணைத்திருக்கிறார்கள். அதன் பக்கத்தில் இரண்டு சிறு மின்தேக்கிகளுக்கான இடம், அதுவும் காலி. (இந்தக் காலி இடத்தைப் பார்த்தேனே தவிர, அது பின்னால் என்னைத் தேடி வரும் என்று தெரியவில்லை.) 12 வோல்ட் பக்கம் ஒரு மின்தேக்கியின் தலை உப்பியிருந்தது. பின்பக்கம் 115/230 என்று சிவப்பு ஸ்விட்ச். அந்த ஸ்விட்ச் இருந்தால், பவர் ஃபேக்டரை (சுவரிலிருந்து இழுக்கும் மின்னோட்டம் வோல்ட்டேஜோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை) திருத்தும் ஏபிஎஃப்சி சுற்று உள்ளே இல்லை என்று பொருள்.

எதை வாங்குவது

உரிமையாளர் சென்னைக்கு ஆல்பம் பிரிண்ட் எடுக்கப் போகும் வழக்கம் உண்டு. அப்போது ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிவருவதாகச் சொன்னார். அங்கிருந்து இரண்டு முறை போன் வந்தது. ஒரு கடையில் 850 வாட், கலர் லைட்டோடு 2,900 ரூபாய் என்றார்கள். "550க்கு நாலாயிரத்துக்கு மேல கேக்குறான், 850 மூவாயிரத்துக்குள்ள தர்றான். எது தம்பி நல்லது?" நியாயமான கேள்விதான். லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். 12 வோல்ட்டில் 38 ஆம்பியர் என்று இருந்தது. அதாவது 456 வாட். 850 எங்கிருந்து வந்தது என்பதற்கு லேபிளில் பதில் இல்லை. பின்பக்கம் அதே சிவப்பு ஸ்விட்ச். வேண்டாம் என்றேன்.

80 பிளஸ் முத்திரையை நான் தள்ளவும் இல்லை, அதை மட்டுமே நம்பவும் இல்லை. 2004-இல் தொடங்கிய அந்தத் தரச்சான்று, சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர்கிறது என்பதையும் பவர் ஃபேக்டரையும்தான் பார்க்கிறது. பாதிச் சுமையில் ப்ரான்ஸ் என்றால் 85 சதவீதம்; கோல்டு என்றால், 115 வோல்ட் சோதனையில், 90. சோதனை நடப்பது 23 டிகிரி வெப்பத்தில். நம் ஊர் மாடியறையில் மார்கழி விடியலில்தான் அந்த 23-ஐப் பார்க்கலாம். வோல்ட்டேஜ் நிலையாக நிற்குமா, அதிகச் சுமையில் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளுமா என்பவை அந்த முத்திரையில் இல்லை.

ஆகவே வேறு சிலவற்றையும் கேட்டேன். 12 வோல்ட்டின் வாட், பெட்டியில் போட்டிருக்கும் மொத்த வாட்டுக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருக்க வேண்டும். 5-ஐயும் 3.3-ஐயும் 12-இலிருந்தே தனியாகப் பிரிக்கும் டிசி-டிசி அமைப்பு வேண்டும். அந்த ஏற்றக் கட்டை விளையாட்டு அதோடு ஒழியும். 105 டிகிரி மின்தேக்கிகள் வேண்டும்; 85 டிகிரி வகையைவிட அதே சூட்டில் பல மடங்கு உழைக்கும். ரிப்பிள், அதாவது டிசியின் மேல் மிச்சமிருக்கும் நடுக்கம், 12 வோல்ட்டில் 120 மில்லி வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அதை யாராவது கருவி வைத்து அளந்திருக்க வேண்டும். சைபனெட்டிக்ஸ் போன்ற சோதனைக்கூடங்கள் மாடல் வாரியாக அறிக்கை வெளியிடுகின்றன. அதில் பெயர் இருக்கிறதா என்று மாடல் எண்ணோடு தேடினேன். கம்பெனிப் பெயரை மட்டும் வைத்து வாங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரே கம்பெனி நல்லதும் விற்கும், சுமாரானதும் விற்கும்.

கடைசியில் இரண்டு நின்றன. 550 வாட் ப்ரான்ஸ், 4,300 ரூபாய், ஐந்து வருஷ உத்தரவாதம். 650 வாட் கோல்டு, 6,800 ரூபாய், ஏழு வருஷம். இரண்டும் டிசி-டிசி. கம்ப்யூட்டர் முழுதும் சேர்ந்து உச்சத்தில் இழுப்பது 340 வாட். 550-இல் அது மூன்றில் இரண்டு பங்குக்குள் அடங்கும். அந்தக் கார்டுக்கு என்விடியாவே சொல்வது 550 வாட்தான். மின்கட்டணத்தில் கோல்டு தரும் மிச்சம் 2,500 ரூபாய் வித்தியாசத்தை ஈடுகட்டாது என்று கணக்குப் போட்டு, 550-ஐ எடுக்கச் சொன்னேன்.

மாற்றிய நாள்

செப்டம்பர் கடைசி ஞாயிறு மாட்டினோம். எடை பழையதைப் போல இரண்டரை மடங்கு. கார்டுக்குச் சொந்தமாக 8 பின் கேபிள், மதர்போர்டுக்கு 4 பின்னுக்குப் பதில் 8 பின். கூடுதல் டிஸ்க்குக்கு ஒரு சாட்டா பவர் கேபிள் தேவைப்பட்டபோது, நண்பர் கம்ப்யூட்டரில் மிச்சமிருந்ததை இளைஞர் கொண்டுவந்தார். நல்லவேளை, மாட்டுமுன் கேட்டார். கழற்றி மாட்டும் கேபிள்களில் டிஸ்க் பக்கம்தான் எல்லாருக்கும் ஒன்று. எஸ்எம்பிஎஸ் பக்கம் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒயர் வரிசை மாறும். 5 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 12 வந்தால் டிஸ்க் அங்கேயே போய்விடும்.

அதே சோதனை, அதே மீட்டர். சும்மா இருக்கும்போது 12.08, முழு முடுக்கில் 12.02. 5 வோல்ட் 5.04-இலிருந்து 5.03. ஒரு மணி நேரம் ஓடியது, அணையவில்லை. எக்ஸ்போர்ட்டின்போது சுவரிலிருந்து எடுத்த மின்சாரம் 330 வாட்டிலிருந்து 285 ஆகக் குறைந்தது. தினம் நாலு மணி நேர எக்ஸ்போர்ட் என்றாலும் மாதத்துக்கு ஆறு யூனிட்கூட மிச்சமில்லை. மின்கட்டணத்துக்காக நல்ல எஸ்எம்பிஎஸ் வாங்குங்கள் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

பிறகு வந்த இரண்டு புகார்கள்

நாலாம் நாள் இளைஞர் போன் செய்தார். "அண்ணே, சிபியுவைத் தொட்டா சுர்ருங்குது."

போய் மீட்டர் வைத்தேன். மாடித் தண்ணீர்க் குழாயின் இரும்புக்கும் கேபினட்டுக்கும் நடுவில் 104 வோல்ட் ஏசி. உரிமையாளர் பொறுமை இழந்தார். "நல்ல சாமான்னு சொல்லி, ஷாக் அடிக்கிறதை மாட்டிவிட்டுட்டீங்களே தம்பி. பழசு ஒருநாளும் அடிச்சதில்ல."

பழசு அடிக்காததற்குக் காரணம் அந்தக் காலி இடம். ஒழுங்கான எஸ்எம்பிஎஸ்ஸில் மின்சாரம் நுழையும் இடத்தில் இரண்டு சிறு மின்தேக்கிகள் இருக்கும். ஒன்று ஃபேஸிலிருந்து பெட்டிக்கு, இன்னொன்று நியூட்ரலிலிருந்து பெட்டிக்கு. வடிகட்டும் இரைச்சலை எர்த் வழியாக இறக்குவது அவற்றின் வேலை. எர்த் இல்லாவிட்டால் பெட்டி இரண்டுக்கும் நடுவில், 230-இல் பாதியில், தொங்கிக்கொண்டிருக்கும். ஓடும் மின்னோட்டம் மிகக் குறைவு, சுர்ரென்பதோடு நிற்கும். ஆனால் அது சொல்வது ஒன்றுதான்: அந்த அறையில் எர்த் கிடையாது.

டெஸ்ட் லேம்ப்பை ஃபேஸுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவில் வைத்தோம். எரியவில்லை. மூன்று துளை சாக்கெட் இருக்கிறது, மேல் துளைக்குப் பின்னால் ஒயரே இல்லை. கட்டடத்துக்குக் கீழே மீட்டர் போர்டு வரைக்கும் எர்த் வந்திருந்தது, மாடிக்கு இழுக்கவில்லை. எலக்ட்ரீஷியன் ஒருவர் பச்சை ஒயர் இழுத்து 1,800 ரூபாய் வாங்கினார். கேபினட்டின் 104 வோல்ட் போய்விட்டது. பழைய எஸ்எம்பிஎஸ் இருந்த ஐந்து வருஷமும் அந்த அறை எர்த் இல்லாமல்தான் இருந்திருக்கிறது. வடிகட்டியே இல்லாத பெட்டியானதால் யாருக்கும் தெரியவில்லை.

இரண்டாவது புகார் அக்டோபர் நடுவில். கரண்ட் போனால் யுபிஎஸ் கத்துகிறது, கம்ப்யூட்டரும் அணைந்துவிடுகிறது. 2020-இல் வாங்கிய 600 விஏ யுபிஎஸ் அது. 360 வாட் தாங்கும்.

இங்கே நான் அவசரப்பட்டேன். ஏபிஎஃப்சி உள்ள எஸ்எம்பிஎஸ்ஸுக்கு, பேட்டரியில் ஓடும்போது படிக்கட்டு அலை தரும் சாதாரண யுபிஎஸ் ஒத்துவராமல் போவதுண்டு. அதுதான் என்று முடிவுகட்டி, சுவர் மின்சாரம் போலச் சீரான சைன் அலை தரும் யுபிஎஸ் வாங்க வேண்டும், பன்னிரண்டாயிரம் ஆகும் என்று சொல்லிவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகு, சோதித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். சும்மா இருக்கும்போது யுபிஎஸ் ப்ளக்கைப் பிடுங்கினால், பத்துக்குப் பத்து முறையும் கம்ப்யூட்டர் அணையாமல் ஓடியது. போட்டோஷாப் வேலையிலும் அப்படியே. எக்ஸ்போர்ட்டில்தான் ஐந்தில் நாலு முறை அணைந்தது. இரண்டு மானிட்டரையும் யுபிஎஸ்ஸிலிருந்து எடுத்துவிட்டால் ஐந்தில் ஒருமுறைதான் அணைந்தது. அலை ஒத்துவராததுதான் முக்கியக் காரணம் என்றால் சுமையைப் பொறுத்து இப்படி மாறாது. கம்ப்யூட்டருக்கு 285, மானிட்டர்களுக்கு 50, ஆக 335. மூன்று வயதான பேட்டரியோடு 360 வாட் யுபிஎஸ்ஸுக்கு அது கழுத்து வரை தண்ணீர்.

5,900 ரூபாய்க்கு 1100 விஏ, 660 வாட் யுபிஎஸ் வாங்கினோம். அதுவும் படிக்கட்டு அலைதான். வாங்குமுன் கடைக்கே கம்ப்யூட்டரைத் தூக்கிப் போய், முழு முடுக்கில் பத்து முறை பிடுங்கிப் பார்த்தோம். ஒருமுறையும் அணையவில்லை. கடைக்காரர் ரசிக்கவில்லை.

தை வரை

2024 தை முகூர்த்தங்கள் முடிந்த பிறகு, பிப்ரவரியில் போய்ப் பார்த்தேன். ஐந்து மாதப் பதிவில், யுபிஎஸ் மாற்றிய பிறகு கெர்னல்-பவர் 41 ஒரே ஒருமுறை. இரவு முழுக்க கரண்ட் இல்லாத நாளில் பேட்டரி தீர்ந்தது. டிஸ்க்கின் செக்டர் கணக்கு செப்டம்பரில் 24, அன்றும் 24. இதையும் சான்று என்று சொல்லமாட்டேன்.

மறுபடி செய்வதானால்

போனில் "ஓடும்" என்று சொல்லமாட்டேன். லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, 12 வோல்ட்டுக்கு எதிரே இருக்கும் ஆம்பியரைப் பார்ப்பேன். அதற்கு ஒரு நிமிஷம் போதும். ஜூலையில் அதைச் செய்திருந்தால் 60,000 ரூபாய்ச் செலவில் 4,300 சேர்ந்திருக்கும், கார்டை ஒரு படி குறைத்துக்கூட வாங்கியிருக்கலாம். பச்சை-கறுப்பு ஒயர் சோதனையை இப்போது செத்த எஸ்எம்பிஎஸ்ஸை அடையாளம் காண மட்டும் வைத்திருக்கிறேன். புது எஸ்எம்பிஎஸ் மாட்டப் போகும் வீட்டில் டெஸ்ட் லேம்ப்பை முதலில் எடுக்கிறேன். யுபிஎஸ்ஸின் வாட்டையும் அன்றே கூட்டிப் பார்க்கிறேன். இந்த வேலையில் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஆன செலவைவிட அதைச் சுற்றி ஆன செலவு அதிகம். அதை முன்கூட்டிச் சொல்லாததுதான் அவருக்கு என் மேல் இருந்த வருத்தம். கோல்டு வாங்காமல் மிச்சம் பிடித்த 2,500, யுபிஎஸ்ஸில் போனது.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸைக் காயலான் கடைக்குப் போடலாமா என்று கேட்டார். அங்கே போனால் துடைத்து இன்னொரு கேபினட்டுக்குள் வந்து உட்காரும். எல்லா ஒயரையும் பெட்டியை ஒட்டி வெட்டிவிட்டுக் கொடுத்தேன்.